15 வருடம் முடிந்த பைக்குக்கு எஃப்.சி.: கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

வீட்டில் நிற்கும் பைக்கோ காரோ 2011-ல் பதிவானதா? ஆர்.சி.யை இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும். பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய், மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். ‘பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட எஃப்.சி. காட்டணும்’ என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்; எஃப்.சி. என்றால் வண்டியின் தகுதிச் சான்று.

படிவம் 25 (புதுப்பிப்பதற்கான விண்ணப்பம்), அசல் ஆர்.சி., நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், பசுமை வரி (பழைய வண்டிகளுக்கான வரி) கட்டிய ரசீது, முகவரிச் சான்று ஆகியவை அடிப்படை. பதிவு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 15 வருடம் முடிந்து முதல் முறை புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பைக்குக்கு 1,000 ரூபாய், காருக்கு 5,000 ரூபாய்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு இருந்தாலே போதும். புகைச் சான்றிதழில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பி.எஸ். 4, பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வந்த வண்டிகளுக்கு அது ஒரு வருடம் செல்லும். அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதம்தான். 2011 பைக் இந்த ஆறு மாதக் கணக்கில் வரும். போன வருடம் எடுத்ததுதானே என்று நம்பிப் போகாதீர்கள்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் சேர்த்துவிடலாம். நாள் பிடிப்பது ஆர்.சி.யில் உள்ள பெயர். இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே மகன் வருடக்கணக்கில் ஓட்டும் பைக் எத்தனையோ வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது, எஃப்.சி. நேரத்தில்தான் விழித்துக்கொண்டோம். சட்டப்படி, உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும்; மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் தேவை. மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் நடக்க வேண்டியிருப்பதால், இதை முதலில் தொடங்குவதே நல்லது. வீடு மாறியிருந்தால் ஆர்.சி.யில் முகவரியையும் மாற்றிவிடுங்கள். அதற்குப் படிவம் 33.

அடுத்தது கடன். பைக்குக்கு வாங்கிய கடனைப் பத்து வருடம் முன்பே அடைத்திருப்பீர்கள். ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இன்னும் இருக்கும், ஏனென்றால் அது தானாக நீங்குவதில்லை. வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ம் தடையில்லாச் சான்றும் கொடுத்தால்தான் நீக்குவார்கள். கடன் கொடுத்த நிறுவனம் வேறொன்றுடன் இணைந்திருந்தால், இந்தக் கையெழுத்துக்கே பல நடை நடக்க நேரும்.

பதிவு முடிந்த வண்டியைச் சாலையில் எடுத்தால், முதல் முறையே 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிடக் கவலை தருவது விபத்து. பதிவு செல்லாத வண்டி என்று காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமிருக்கிறது.

எஃப்.சி.க்குக் கிளம்பும் முன் லைட், ஹாரன், இண்டிகேட்டர், கண்ணாடி, பிரேக் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வையுங்கள். ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு அதை ஆய்வாளர் எழுத்து எழுத்தாக ஒப்பிடுவார். துருவும் அழுக்கும் மூடியிருந்தால் படிக்க முடியாது.