வாயுவாக ஏறி, அயனியாகப் பயணம்

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடல் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் கார்பன் டை ஆக்சைடை உண்டாக்குகிறது. அது முழுக்க ரத்தத்தில் வாயுவாகவே கரைந்து நுரையீரலுக்குப் போகிறது என்று நினைத்தால் கணக்கு இடிக்கும். அப்படிப் போவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏறக்குறைய 70 சதவீதம் பைகார்பனேட் என்ற அயனியாக, அதாவது மின்னூட்டம் கொண்ட துகளாக, மாறித்தான் பயணம் செய்கிறது.

மாற்றம் நடக்கும் இடம் சிவப்பணு. திசுவிலிருந்து உள்ளே நுழையும் வாயு, தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, உடனே ஹைட்ரஜன் அயனியாகவும் பைகார்பனேட்டாகவும் பிரிகிறது. தானாக நடக்கட்டும் என்று விட்டால் இதற்குப் பல நொடிகள் பிடிக்கும். சிவப்பணுவோ தந்துகி என்ற மெல்லிய ரத்தக்குழாயைக் கடக்க எடுப்பது சுமார் ஒரு நொடிதான். அந்த அவசரத்தைச் சமாளிப்பது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி. துத்தநாக அணு ஒன்றை நடுவில் வைத்திருக்கும் இதன் ஒரே மூலக்கூறு, நொடிக்குப் பத்து லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் வரை மாற்றிவிடும். நொதிகளில் இத்தனை வேகம் அபூர்வம்.

சரி, உண்டான பைகார்பனேட்? பெரும்பாலும் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவுக்கு வெளியேறிவிடுகிறது. எதிர்மின் அயனி ஒன்று வெளியே போனால் ஈடாக ஒரு குளோரைடு உள்ளே வந்தாக வேண்டும். கூடவே கொஞ்சம் தண்ணீரும் வருவதால், திசுக்களிலிருந்து திரும்பும் சிரை ரத்தத்தின் சிவப்பணுக்கள் லேசாக உப்பியிருக்கும்.

மிஞ்சிய ஹைட்ரஜன் அயனியை, சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபின் பிடித்துக்கொள்கிறது. கார்பன் டை ஆக்சைடிலும் ஒரு பகுதி நேராக அதன் புரதச் சங்கிலியில் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் அமரும் இரும்பில் அல்ல. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினுக்கு இந்த இரண்டையும் பிடிக்கும் திறன் கூடுகிறது. 1914இல் உடலியல் அறிஞர் ஹால்டேனும் அவருடைய சகாக்களும் காட்டிய விளைவு இது. நுரையீரலில் ஆக்சிஜன் ஏறியதும் பிடி தளர்கிறது. விடுபட்ட ஹைட்ரஜன் பைகார்பனேட்டோடு சேர, அதே நொதி எதிர்த்திசையில் வேலை பார்த்து வாயுவை மீட்டுத் தருகிறது.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் நுரையீரலில் இறங்குவது கொஞ்சம்தான். 100 மில்லிலிட்டர் சிரை ரத்தத்தில் சுமார் 52 மில்லிலிட்டர் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது என்றால், அதில் வெளியேறுவது 4. மீதி 48 திரும்பவும் உடலைச் சுற்றுகிறது. ரத்தத்தின் அமிலநிலை (pH) 7.4ஐ ஒட்டியே நிற்பதற்கு அந்த இருப்பு வேண்டும். தேவையில்லாமல் வேகவேகமாக மூச்சு வாங்கினால் அது குறைந்து, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும். விரல் நுனிகளும் மரத்துப்போகும்.