பழைய வீட்டுப் பேப்பரை எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க

போன மாசம் கீழக்கரையில ஒரு பழைய வீட்டை இடிக்கிறாங்கன்னு தெரிஞ்ச பையன் ஒருத்தன் போன் பண்ணான், நான் ராமநாதபுரத்துல பஸ் புடிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள தேக்கு நிலை, கதவு, உத்தரம் எல்லாம் லாரியில ஏறிருச்சு. அதுக்கெல்லாம் விலை கொடுக்க ஆள் இருக்கு. திண்ணை மூலையில சாக்குல கட்டிக் கிடந்த பேப்பருக்குத்தான் ஆளில்ல. "அதுவா தம்பி, வாப்பா காலத்துக் குப்பை, எடைக்குப் போடலாம்னு வெச்சிருக்கோம்"னாங்க அந்த வீட்டு ராத்தா. பிரிச்சுப் பாத்தா வீடு கட்டுனப்போ எழுதுன கணக்கு நோட்டு! சுண்ணாம்பு எத்தனை வண்டி, அதுல கலக்குற கடுக்காய் எவ்வளவு, கருப்பட்டி எத்தனை சிப்பம், எந்தத் தேதியில எந்தச் சுவருக்குப் பூச்சு, கொத்தனாருக்கு எவ்வளவு சித்தாளுக்கு எவ்வளவுன்னு பென்சில்ல, வரிக்கு வரி. லாரி போன வருத்தமே மறந்துபோச்சு எனக்கு.

நான் வேலை பாக்குறது கட்டடக்கலைக்குன்னே இருக்கிற ஒரு சின்ன லைப்ரரியில. பெரிய பெரிய புக்கா வாங்கி அடுக்குவீங்களோன்னு கேப்பாங்க. வாங்குறோம், ஆனா அது ஈஸி, காசு இருந்தா போதும். ராமேஸ்வரம் கோயில் பிரகாரத்தைப் பத்தி 1876லயே ஃபெர்குசன்னு ஒரு கட்டடக்கலை வரலாற்று ஆசிரியர் எழுதிட்டாரு, ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளோட ராமலிங்க விலாசம் அரண்மனை, அங்க இருக்கிற சுவரோவியம், அதுக்கும் புக்கு இருக்கு. கடலோரத்துச் சாதா வீட்டைப் பத்தி யாரு எழுதினா? வீட்டு பிளான், பாகப்பிரிவினைப் பத்திரத்தோட தச்சு வெச்ச வரைபடம், ஆசாரி கணக்கு, முற்றத்துல நின்னு எடுத்த கல்யாண போட்டோ, இதெல்லாம் தேடிப் போனாத்தான் கிடைக்கும்.

இவ்வளவு அலையுறதுக்குக் காரணம் இருக்கு. இந்தப் பக்கம் பழைய சுவர் பலதும் கடல்ல வெட்டுன பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும்தான். 2001ல பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேத்துட்டாங்க, இனிமே ஒரு கல்லு எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. அப்போ இருக்கிற சுவரை ரிப்பேர் பண்ணித்தான் காப்பாத்தணும், அதுல போய் சிமென்ட்டைப் பூசுறாங்க, உள்ள இருக்கிற ஈரம் வெளிய வர வழியில்லாம உப்பு பூத்து, பூச்சு பொக்குப் பொக்கா விழுது. சுண்ணாம்புக் கலவைப் பக்குவம் தெரிஞ்ச மேஸ்திரி கிடைக்கிறது கஷ்டம். அந்தப் பக்குவத்தைக் கீழக்கரையில கிடைச்ச அந்தக் கணக்கு நோட்டு சொல்லும்.

வந்ததையெல்லாம் அப்படியே அலமாரியில ஏத்திட மாட்டோம். எந்த ஊரு, எந்தத் தெரு, யார் வீடு, யார் கொடுத்தது, இது ரிஜிஸ்டர்ல ஏறணும். பேர் ஊர் இல்லாத போட்டோ எவ்வளவு அழகா இருந்தாலும் எங்களுக்குப் பிரயோஜனம் கம்மி. குடுக்க மனசு வரலைன்னா ஸ்கேன் பண்ணிட்டுத் திருப்பிக் குடுத்துடுவோம், அதுக்கு ஒரு ஃபார்ம்ல கையெழுத்து, அவ்வளவுதான்.

தயவுசெஞ்சு லேமினேட் மட்டும் பண்ணாதீங்க. ஒரு அண்ணன் அவங்க தாத்தா வீட்டு ப்ளூப்ரின்ட்டை "பத்திரமா இருக்கட்டும்"னு லேமினேட் பண்ணியே கொண்டுவந்தாரு, சூட்டுல ஒட்டுன பிளாஸ்டிக்கைப் பேப்பர் கிழியாம பிரிக்கிறது ரொம்பக் கஷ்டம், அவர்கிட்ட என்னன்னு சொல்றது. நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல. சேந்த புதுசுல ஆசிட் இல்லாத பேப்பர்னா எல்லாத்துக்கும் நல்லதுன்னு நினைச்சு, ஆசிட்டை அடக்குறதுக்காகக் காரம் (ஆல்கலி) சேத்த கவருக்குள்ள ஒரு ப்ளூப்ரின்ட்டைப் போட்டு வெச்சுட்டேன், ப்ளூப்ரின்ட்டோட நீலத்துக்குக் காரம் ஆகாது, கொஞ்ச வருஷம் கழிச்சு எடுத்துப் பாத்தா ஒரு பக்கமே வெளுத்துக் கிடக்கு. அந்த பிளானுக்கு வேற காப்பி கிடையாது.

நம்ம ஊரு உப்புக்காத்துல குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாம் சீக்கிரமே துருப்புடிச்சுப் பேப்பரைத் தின்னுரும், முதல்ல அதைக் கழட்டுங்க. சுருட்டி வைக்காம படுக்கவைங்க. பேப்பரை அரிக்கிற ராமபாணப் பூச்சி ஈரமான இடத்துலதான் பெருகும், அதனால சுவத்தோட ஒட்டாம தள்ளி வைங்க.

இன்னொண்ணு, தனுஷ்கோடி. 1964 புயலுக்கு அப்புறம் மிச்சம் நிக்கிற அந்த சர்ச் சுவரு வருஷத்துக்கு வருஷம் கரையுது. டூர் போனப்போ அது முன்னாடி நின்னு போட்டோ எடுத்திருப்பீங்கள்ல, அதை வருஷவாரியா அடுக்குனா எந்த வளைவு எப்போ விழுந்துச்சுன்னு கண்டுபிடிக்கலாம். இதுவரைக்கும் கொஞ்சம்தான் சேந்திருக்கு. உங்க ஆல்பத்துல இருந்தா பின்னாடி வருஷத்தை எழுதி அனுப்புங்க, மூஞ்சி மங்கலா இருந்தாலும் பரவால்ல, சுவரு தெரிஞ்சா போதும்.