ரைனோபிளாஸ்டிக்கு ஏற்ற தமிழ்ச் சொல் எது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஆச்சிமார் பெண் பார்த்துவிட்டு வந்தால், 'மூக்கும் முழியுமாக இருக்கிறாள்' என்று ஒரே தொடரில் லட்சணத்தைச் சொல்லி முடித்துவிடுவார்கள். நிறமும் உயரமும் அதற்குப் பிறகுதான் பேச்சில் வரும். மூக்குக்கு இத்தனை முதன்மை தரும் ஊர்களிலும், மருத்துவமனை விளம்பரங்களின் வழியாக 'ரைனோபிளாஸ்டி' என்னும் சொல் புழங்கத் தொடங்கியிருக்கிறது. விளம்பரங்களில் அது பெரும்பாலும் அகன்ற மூக்கை ஒடுக்கி, நுனியை நயப்படுத்தும் அழகு அறுவையையே குறிக்கிறது. மருத்துவ நூல்களில் அதன் பொருள் இதைவிட விரிந்தது. மூக்கின் வடிவத்தையோ, மூச்சு செல்லும் வழியையோ, இரண்டையுமோ திருத்தியமைக்கும் அறுவைகள் எல்லாவற்றுக்கும் அதுவே பெயர். விபத்தில் நொறுங்கிய மூக்கை நிமிர்த்துவதும், புற்றுநோய்க்காக வெட்டி நீக்கிய மூக்கைப் புதிதாக உருவாக்குவதும் அதற்குள் அடங்கும். ஒரு சொல் இத்தனை வேலைகளைச் சுமப்பதால், அதற்கு ஈடான தமிழ்ச் சொல்லைத் தேடுபவர் முதலில் மூலச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிரேக்க மொழியில் 'ரிஸ்' என்றால் மூக்கு. வேற்றுமை ஏற்கும்போது அது 'ரினோஸ்' என்றாகும். மூக்கின் மேல் கொம்பு முளைத்த காண்டாமிருகத்துக்கு ரைனோசரஸ் என்ற பெயர் வந்தது இந்த வேரிலிருந்துதான். பின்பாதியான 'பிளாஸ்டி', 'பிளாஸ்ஸெய்ன்' என்னும் வினையிலிருந்து பிறந்தது. களிமண்ணையோ மெழுகையோ பிசைந்து உருக்கொடுப்பதை அந்த வினை குறித்தது; குயவர் தொழிலுக்குத் தமிழில் வழங்கும் 'வனைதல்' அதற்கு மிக நெருங்கிய சொல். சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் சேர்த்து இழைத்த வளவு வீட்டுச் சுவர்களை இன்று கட்டடக் கலைஞர்கள் 'செட்டிநாடு பிளாஸ்டர்' என்கிறார்களே, அந்தப் பிளாஸ்டரும் இதே வேரின் கிளைதான். இதயக் குழாய் அடைப்புக்குச் செய்யும் ஆஞ்சியோபிளாஸ்டியிலும் இதே பின்னொட்டு இருக்கிறது. குழாயை உள்ளிருந்து விரித்து அதன் வடிவை மீட்பதே அங்கு நடக்கும் வேலை. பெர்லினைச் சேர்ந்த கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிரேஃபே என்னும் அறுவை மருத்துவர் 1818-இல் தம் நூலுக்கு 'ரினோபிளாஸ்டிக்' என்று பெயரிட்டார். அந்த நூலே இச்சொல்லை ஐரோப்பிய மருத்துவ உலகில் நிலைபெறச் செய்தது.

பேக்கலைட் என்னும் முதல் முழுச் செயற்கைப் பிளாஸ்டிக் உருவானது 1907-இல். எனவே, குடமும் வாளியும் செய்யும் பிளாஸ்டிக்குக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் மூத்தது இந்த அறுவையின் பெயர். இதை அறியாமல் சிலர் 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்பதை 'நெகிழி அறுவை' என்று பெயர்த்துவிடுகிறார்கள். நெகிழி என்பது பொருளின் பெயர். அறுவை மருத்துவரோ அந்தப் பொருளைக் கொண்டு மூக்குச் செய்வதில்லை. இந்த மொழிபெயர்ப்பைத் தயங்காமல் கைவிடலாம்.

அரசு மருத்துவமனைகளின் பெயர்ப்பலகைகளில் காணப்படும் 'ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை' என்பது இதைவிடப் பொருளுள்ள ஆக்கம். அதன் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. பழைய வடமொழி மருத்துவ நூலான சுசுருத சம்கிதை அறுந்த மூக்கைப் புதுப்பிக்கும் முறையை விவரிக்கிறது. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கி, அந்த அளவில் கன்னத்துத் தோலை ஒரு புறம் ஒட்டியிருக்கும்படியே அறுத்தெடுத்து, மூக்கின் அடியைச் சுரண்டிப் புண்ணாக்கி அதன்மேல் பொருத்தித் தைத்து, மூச்சுவிட இரண்டு குழல்களைச் செருகி, அதிமதுரம் முதலிய பொடிகளைத் தூவ வேண்டும் என்பது அதன் சுருக்கம். வடமொழியில் இதற்கு 'நாசா சந்தானம்' என்று பெயர். சந்தானம் என்றால் இணைத்தல், ஒட்டுதல். கிரேக்கப் பெயர் வனைதலைப் பற்றிப் பேச, இந்தியப் பெயர் ஒட்டுதலைப் பற்றிப் பேசுகிறது. 'ஒட்டுறுப்பு அறுவை' என்ற தமிழ் ஆக்கம், தெரிந்தோ தெரியாமலோ, இரண்டாவது மரபின் வழியில் வந்து நிற்கிறது.

ஒட்டுவதற்கு அன்று தேவையும் இருந்தது. மூக்கை அறுப்பது தண்டனையாகவும் போர் வெறியாகவும் இருந்த காலம் அது. 17-ஆம் நூற்றாண்டில், திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில், மைசூர்ப் படை மதுரை நாட்டுக்குள் புகுந்து கண்ணில் பட்டவர்களின் மூக்கை அறுத்துச் சென்றது. மதுரைப் படையும் பின்னர் மைசூர் எல்லைக்குள் புகுந்து அதையே செய்து பழிதீர்த்தது. வரலாற்றில் இதற்கு 'மூக்கறு போர்' என்றே பெயர். நாயக்கருக்குத் துணையாகத் தம் மறவர் படையோடு மதுரைக்கு விரைந்தவர் இராமநாதபுரத்துச் சேதுபதியான ரகுநாதத் தேவர். இன்று செட்டிநாடு என அறியப்படும் ஊர்களில் பல அன்று அந்தச் சேதுபதிச் சீமையில் இருந்தவையே. 'எல்லாரும் பார்க்க மூக்கறுத்துவிட்டான்' என்று அவமானத்தைச் சொல்லும் வழக்குக்கு இலக்கியத்தில் சூர்ப்பணகையை எடுத்துக்காட்டுவார்கள். ஆண்டுதோறும் கம்பன் விழா நடக்கும் காரைக்குடியில் அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் வழக்கு வெறும் கதையிலிருந்து மட்டும் வந்ததன்று.

இந்த ஒட்டறுவை ஐரோப்பாவுக்குச் சென்ற வழியும் ஒரு போரின் வழிதான். திப்பு சுல்தானின் படையிடம் சிக்கி மூக்கை இழந்த காவஸ்ஜி என்னும் மாட்டுவண்டியோட்டிக்குப் புனே பகுதியில் ஒருவர் நெற்றித் தோலைக் கொண்டு புது மூக்கு அமைத்த செய்தி, 1794 அக்டோபரில் இலண்டன் இதழ் ஒன்றில் படத்துடன் வெளியானது. அந்த வைத்தியர் முதலில் மெழுகில் ஒரு மூக்கை வனைந்து பார்த்து, பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, அதன் விளிம்பை ஒட்டிக் கோடு வரைந்து தோலை அறுத்தாராம். வனைதலும் ஒட்டுதலும் ஒரே கையில் கூடிய இடம் அது. இம்முறையைக் கற்ற ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் 1814-இல் இலண்டனில் அதைச் செய்து காட்டினார்.

இழந்த மூக்கை மீட்பது வேறு. இருக்கும் மூக்கை ஒடுக்குவது வேறு. இரண்டாவதன் வரலாறு மிகவும் இளையது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஜான் ஆர்லாண்டோ ரோ 1887-இல் வெளித்தோலில் தழும்பு தெரியாதபடி மூக்கின் உள்வழியாகவே நுனியைத் திருத்தும் முறையை வெளியிட்டார். ராபர்ட் வியர் 1892-இல் மூக்குமடலின் அடியில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை நீக்கி அகலத்தைக் குறைத்தார். பெர்லினில் ஜாக் ஜோசப் 1898-இல் பெரிய மூக்கைச் சிறிதாக்கும் அறுவையை அறிவித்து, பின்னர் அதை ஒரு தனித் துறையாகவே வளர்த்தார். இவற்றில் எதிலும் வேற்றிடத்துத் தோலைக் கொண்டுவந்து ஒட்டும் வேலை இல்லை. ஆகவே 'ஒட்டுறுப்பு அறுவை' என்ற சொல் துறைக்குப் பொருந்தினாலும், மூக்கை ஒடுக்கும் இந்த அறுவைக்குப் பொருந்தாது.

இனி முன்பாதி. மூக்கா, நாசியா? நாசி வடசொல், 'நாசித் துவாரம்', 'எள்ளுப்பூ நாசி' போன்ற தொடர்களில் ஊன்றிவிட்டது. மூக்கு திராவிடச் சொல். மலையாளத்தில் மூக்கு, தெலுங்கில் முக்கு, கன்னடத்தில் மூகு. எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும்போதும், மூவறிவுடைய உயிர்களை வகுக்கும்போதும் தொல்காப்பியம் ஆளும் சொல்லும் மூக்குதான். பறவையின் அலகும் மூக்கு, கெண்டியின் நீர் ஊற்றும் குழலும் மூக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் 'மூக்கு உடையாத கெண்டி' என்றால்தான் விலை. மக்கள் வாயில் இத்தனை உயிரோடு இருக்கும் சொல்லை விட்டுவிட்டு, மருத்துவம் என்றவுடன் நாசிக்குத் தாவுவது தேவையற்ற மிடுக்கு என்றே நான் கருதுகிறேன்.

பின்பாதிக்கு 'வனைவு' என்பது வேர்ப்பொருளோடு அழகாகப் பொருந்தும். ஆனால் 'மூக்கு வனைவு' என்று எழுதினால் படிப்பவர் சுதைச் சிற்பியைத்தான் நினைப்பார். 'சீரமைப்பு' ஏற்கெனவே பழகிய சொல். வடிவத்தைத் திருத்துவதையும் மூச்சுவழியைச் செம்மை செய்வதையும் ஒருங்கே உணர்த்தக்கூடியது. ஆகவே ரைனோபிளாஸ்டி என்னும் பொதுப்பெயருக்கு 'மூக்குச் சீரமைப்பு அறுவை' என்பதே தகும். இழந்த மூக்கை உருவாக்குவதற்கு 'மூக்கு மீட்டமைப்பு' என்றும், அழகு கருதிச் செய்வதற்கு 'மூக்கு அழகமைப்பு' என்றும் உட்பிரிவுகளைப் பிரித்துச் சொல்லலாம். மூச்சடைப்புக்காகச் செய்யும் தண்டு வளைவு அறுவையை இவற்றோடு குழப்பக் கூடாது; மூக்கின் நடுச்சுவரை நேராக்கும் அந்த அறுவை வெளித்தோற்றத்தை மாற்றுவதற்கானதன்று.

மூக்கை ஒடுக்குதல் என்று ஒரே சொல்லில் சொல்வதும் நோயாளிக்குப் போதாது. மூக்கின் மேற்பகுதி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, எலும்பு. எஞ்சியது குருத்தெலும்பும் தோலும். அகலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கத்தி செல்லும். மூக்கின் மேல்முதுகு அகன்றிருந்தால் இருபுற எலும்பையும் வெட்டி உள்நோக்கி நகர்த்துவார்கள். இதை 'எலும்பு ஒடுக்கல்' எனலாம். நுனி உருண்டு பருத்திருந்தால் அங்குள்ள குருத்தெலும்புகளைச் சிறிது செதுக்கித் தையலால் நெருக்குவார்கள். இது 'நுனி நயப்படுத்தல்'. மூக்குத்துளைகள் விரிந்திருந்தால், கன்னத்தோடு மடல் சேரும் இடத்தில் சிறு துண்டை நீக்குவார்கள். இது 'மடல் குறுக்கல்'. 'சப்பை மூக்கு' என்று வீட்டில் ஒரே பெயரால் சொல்வது, மருத்துவர் முன்னே இவற்றில் ஒன்றாகவோ மூன்றுமாகவோ பிரிந்து நிற்கும். சில வேளை, தாழ்ந்த முதுகை உயர்த்தினாலே மூக்கு ஒடுங்கித் தோன்றும், ஒடுக்க வேண்டியதே இராது. அளவுக்கு மீறி ஒடுக்கினால் உள்ளே காற்று செல்லும் இடுக்கு சுருங்கி மூச்சு முட்டும் என்பதையும், நுனியின் வீக்கம் முழுதும் வடிய ஓராண்டு வரை ஆகலாம் என்பதையும் விளம்பரங்கள் சிறிய எழுத்தில்கூடப் போடுவதில்லை. பேசரியோ ஒற்றைக்கல் மூக்குத்தியோ அணிபவர் அறுவைக்கு முன் அதைக் கழற்றியாக வேண்டும். மீண்டும் அணிவது எப்போது, துளையின் இடம் மாறுமா என்பதை, குறிப்பாக மடல் குறுக்கலுக்குச் செல்பவர், முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எழுதும் முறை பற்றி ஒரு குறிப்பு. 'மூக்குச் சீரமைப்பு' என்பதில் ச் மிகும். 'மூக்கு அழகமைப்பு' என்பதைப் பிரித்தே எழுதலாம், 'மூக்கழகமைப்பு' என்று புணர்த்தினால் படிப்பவர் இடறுவார். கடன்சொல்லையே ஆள விரும்புபவர் 'ரைனோபிளாஸ்டி' என்று எழுதுவது ஆங்கில ஒலிப்புக்கு நெருங்கியது. 'ரினோபிளாஸ்டி' கிரேக்க, ஜெர்மன் ஒலிப்புக்கு நெருங்கியது. இரண்டும் பிழையல்ல, ஆனால் ஒரே கட்டுரையில் இரண்டும் வேண்டாம்.