பாட்டை நிறுத்தியும் வயர் பேசுகிறதே?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சட்டையில் மாட்டிக்கொள்ளும் குட்டி ப்ளூடூத் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்று வாங்கி, தன் பழைய இயர்போனை அதில் செருகிக் கேட்கிறாராம். உட்கார்ந்து கேட்டால் அருமை. எழுந்து நடந்தால் காதுக்குள் 'சர்க் சர்க்', நடுநடுவே 'தொம் தொம்'. ஆம்ப் கோளாறா, சிக்னல் கோளாறா, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கொடுக்க வேண்டாம். முதலில் ஆம்பை அணைத்துவிட்டு ஜாக்கையும் பிடுங்கிவிடுங்கள், இயர்போன் மட்டும் காதிலேயே இருக்கட்டும். இப்போது வயரை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். கேட்கிறதல்லவா? மின்சாரமே ஓடாத வயரில் வருகிற சத்தத்துக்கு ப்ளூடூத்தைத் திட்டி என்ன பயன்?

ஆம்பின் கதையைச் சட்டென்று முடித்துவிடலாம். போன் பாட்டைச் சுருக்கி 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் அனுப்புகிறது. சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் என்றால், எல்டாக் என்ற சுருக்கும் முறையில் அதிகபட்சம் 990, பழைய எஸ்பிசி முறையில் பெரும்பாலும் 328-க்குள். அந்தக் குட்டிப் பெட்டி அதை வாங்கி விரித்து, எண்களை மின்னழுத்தமாக மாற்றி, இயர்போனுக்கு வேண்டிய மின்னோட்டத்தைக் கொடுக்கிறது. பவர் எவ்வளவு என்று ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம், காதுக்குள் செருகும் இயர்போன்களில் பலவும் ஒரு மில்லிவாட்டிலேயே 100 டெசிபலைத் தொட்டுவிடும். ஆம்பின் வெளியீட்டு மின்தடை இயர்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது, அதாவது 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். ஏன் என்பது ஓம் விதியிலேயே இருக்கிறது: ஆம்பின் மின்தடை கூடினால், இயர்போனுக்குப் போக வேண்டிய மின்னழுத்தத்தில் ஒரு பங்கை ஆம்பே விழுங்கிவிடும்.

சரி, வயருக்கு வருவோம். இந்தச் சத்தத்துக்கு மைக்ரோஃபோனிக்ஸ் என்று பெயர். தீப்பெட்டி டெலிபோன் நினைவிருக்கிறதா? இழுத்துப் பிடித்த நூலில் அதிர்வு ஓடி மறுமுனைப் பெட்டியை ஆட்டும். இயர்போன் வயரும் அதே நூல்தான், உள்ளே செம்பு இருப்பது ஒரு உபரி. நடக்கும்போது சட்டைத் துணி வயரை ஒரு கணம் பிடித்துக்கொள்கிறது, இழுவை கூடியதும் விட்டுவிடுகிறது, மறுபடி பிடிக்கிறது. வயலின் வில் தந்தியிடம் செய்வதும் இதையேதான். துணி வில்லாக, வயர் தந்தியாக, ஒரு கச்சேரியே நடக்கிறது.

ஆனால் அந்த அதிர்வு துளியூண்டுதானே, எப்படி அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரப்பர் முனை காதுத் துளையை அடைத்துவிட்டால், அதற்கும் செவிப்பறைக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும் காற்று ஒன்றரை மில்லிலிட்டர் அளவுக்குத்தான் இருக்கும். வயர் இயர்போன் கூட்டைத் தள்ளினால் அந்தக் காற்று சிரிஞ்சுக்குள் அகப்பட்ட காற்றுபோல நசுங்குகிறது, தப்பிக்க வழியில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணப் பேச்சு, அதாவது 60 டெசிபல் என்பது 0.02 பாஸ்கல் அழுத்த மாற்றம். வளிமண்டல அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கல். சட்டென்று நசுங்கும் காற்று கொஞ்சம் சூடேறி அழுத்தத்தை இன்னும் கூட்டும், அதையும் சேர்த்தால் அந்த 0.02-ஐ உண்டாக்க, அடைபட்ட காற்றின் கன அளவு ஒரு கோடியில் ஒன்றரைப் பங்கு மாறினால் போதும். காதுத் துளையின் குறுக்குப் பரப்பை 0.4 சதுர சென்டிமீட்டர் என்று வைத்து வகுத்தால், கூடு நகர வேண்டிய தூரம் ஏறக்குறைய 5 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! முதல்முறை இந்த விடை வந்தபோது தசமப்புள்ளியை எங்கோ தவறவிட்டேன் என்று நினைத்து இரண்டு தடவை சரிபார்த்தேன். காதை அடைக்காத பழைய வகை இயர்போனில் இந்தத் தொல்லை குறைவாக இருப்பதும் இதனால்தான், நசுங்கிய காற்று இடுக்கு வழியாக வெளியேறிவிடும்.

'தொம் தொம்' வேறு வழியில் வருகிறது. அது காலடி அதிர்வு, எலும்பு வழியாக ஏறிக் காதுத் துளையின் சுவரை ஆட்டுகிறது. காது திறந்திருந்தால் அது வெளியே போய்விடும், அடைத்தால் உள்ளேயே நிற்கும். விரலால் காதை அடைத்துக்கொண்டு எதையாவது மென்று பாருங்கள், புரியும். இதற்கு வயரை என்ன செய்தாலும் பலன் இல்லை.

'சர்க் சர்க்' மட்டும் அடங்கும். வயரைக் காதுக்கு மேலே சுற்றி, பின்பக்கமாக இறக்குங்கள். காது மடலின் மென்மையான சதை அதிர்வை உறிஞ்சிக்கொள்கிறது, வயரின் எடையையும் தாங்கிக்கொள்கிறது. அப்புறம், ஆம்பை இடுப்பிலோ பாக்கெட்டிலோ வைக்காமல் காலரில் மாட்டுங்கள், துணியில் உரசும் வயர் குறைந்துவிடும். விறைப்பான பிளாஸ்டிக் உறையைவிட மெத்தென்ற உறை நல்லது. துணி பின்னிய வயர் பார்க்க அழகுதான், ஆனால் சொரசொரப்பு கூடுதல்.

வெள்ளி வயர் போட்டால் ஒலி 'திறந்துகொள்ளும்', 100 மணி நேரம் ஓட்டினால் வயர் 'பழகும்' என்பதெல்லாம் எனக்குத் தாயத்து வகையறாதான். வெள்ளி செம்பைவிட ஐந்தாறு சதவீதம் நன்றாகக் கடத்தும், ஒரு மீட்டர் வயரில் அது காதுக்குத் தெரியப்போவதில்லை.

வயரின் இன்னொரு தொல்லை, சிக்கு. கலிபோர்னியாவில் ரேமர், ஸ்மித் என்ற இருவர் ஒரு பெட்டிக்குள் கயிற்றைப் போட்டு 3,415 தடவை உருட்டினார்கள். 120 வகை முடிச்சுகள் விழுந்தன. 2007-இல் கட்டுரை வந்தது, மறு ஆண்டே கேலி நோபலான இக் நோபல் பரிசும் வந்தது. இதற்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று சிரிப்பவர்களிடம் ஒன்று சொல்வேன்: நம் செல் ஒன்றுக்குள்ளேயே இரண்டு மீட்டர் டிஎன்ஏ சுருண்டு கிடக்கிறது, அதற்கும் முடிச்சுக் கணக்கு வேண்டும். அவர்கள் உருட்டியதில் 46 சென்டிமீட்டருக்குக் குறைந்த கயிற்றில் முடிச்சே விழவில்லை. காலரில் மாட்டிய ஆம்பிலிருந்து காதுவரை எவ்வளவு தூரம் என்று அளந்து பார்த்தேன், 35.