கைப்பிடியில் கயிறு கட்டினால் கேன் நிற்காது

போன அறுவடைச் சமயத்தில் எங்கள் பட்டறைக்கு ஒரு பிக்கப் வந்தது. வாடிப்பட்டிப் பக்கம் கதிர் அறுக்கும் மிஷினுக்கு டீசல் கொண்டுபோகிற வண்டி. பின்கதவுக் கொக்கி சரியாக விழவில்லை, பார்த்துத் தர வேண்டும் என்றார் ஓட்டுநர். பாடியில் ஏறிப் பார்த்தேன். கேபினை ஒட்டிய கம்பியில் பச்சை நைலான் கயிற்றை நாலு சுற்றுச் சுற்றியிருந்தார். முடிச்சு கல்லு மாதிரி இறுகிக் கிடந்தது. கயிற்றின் அடுத்த முனையில் வெள்ளை பிளாஸ்டிக் கைப்பிடி ஒன்று மட்டும் தொங்கியது. கேன் இல்லை.

"அண்ணே, நல்லா இறுக்கித்தாண்ணே கட்டுனேன். முடிச்சு அவுரவே இல்ல பாருங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். முடிச்சு அவிழவில்லை, கைப்பிடிதான் பிய்ந்தது. 35 லிட்டர் கேன் நிறைய டீசல், ஒரு வேகத்தடையில் எகிறிக் கதவைத் திறந்துகொண்டு ரோட்டில் விழுந்து உடைந்திருக்கிறது. பின்னால் வந்த பைக்காரர் அந்த டீசலில் சறுக்கி விழுந்து, முழங்கைச் சிராய்ப்போடு எழுந்துவிட்டார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் மண் அள்ளிப் போட்டார்களாம். அதுதான் சரி. ரோட்டில் டீசல் கொட்டினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது இன்னும் பரவும். மண்ணோ மரத்தூளோ போட்டு உறிஞ்ச விடுங்கள்.

மதுரையைச் சுற்றி லோடு வண்டிகளுக்கு பாடி வேலை செய்வதுதான் 22 வருடமாக என் தொழில். குட்டி யானையில் இருந்து பெரிய பிக்கப் வரை பார்க்கிறேன். வயலுக்கு டீசல், ஜெனரேட்டருக்கு டீசல், மருந்தடிக்கும் பவர் ஸ்ப்ரேயருக்குப் பெட்ரோல், கூலி ஆட்களுக்குக் குடிதண்ணீர் என்று வாரத்தில் பாதி நாள் கேன் ஏற்றுகிற வண்டிகள் இங்கே ஏராளம். அவற்றில் கேனுக்கென்று ஓர் இடம் ஒதுக்கிச் செய்த வண்டியை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் கயிறு, பழைய டியூப் ரப்பர், இல்லையென்றால் இரண்டு மூட்டைக்கு நடுவில் செருகல்.

கைப்பிடி எதற்கு இருக்கிறது? ஆள் தூக்குவதற்கு. மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்குகிற பாரத்துக்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். டீசல் லிட்டருக்கு 830 கிராம் சுமார் என்று வைத்தால், 35 லிட்டரும் கேனும் சேர்ந்து 30 கிலோ. தண்ணீர் என்றால் 36 கிலோவைத் தாண்டும். பலமாக பிரேக் அடிக்கும்போது தன் எடையில் முக்கால் பங்குக்கு மேலான விசையோடு கேன் முன்னால் தள்ளும். வளைவில் பாதி எடை அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளும். வேகத்தடையில் தரையை விட்டே எழும்பும். கைப்பிடியில் மட்டும் கட்டினால் அடிப்பாகம் சும்மா ஊசலாடும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கைப்பிடி வேரில் ஒரு வெட்டு விழும். ஒருநாள் பிய்யும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்வேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி மோதி நின்றால், கட்டாத கேன் அதே 60-இல் முன்னால் பாயும். நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்து, அதாவது 14 மீட்டர் உயரத்தில் இருந்து அந்தக் கேன் தலையில் விழுந்தால் என்ன அடியோ, அதே அடி. கேபின் பின்கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கே வைப்பது? பாடியின் முன்பக்கம், கேபின் தடுப்பை ஒட்டி, பின் ஆக்சிலுக்கு முன்னால். பின்கதவை ஒட்டி எரிபொருள் வைக்கவே கூடாது. பின்னால் லாரி வந்து இடித்தால் முதலில் நசுங்குவது அந்த இடம்தான். கேபின் கூரை மேல் கேரியரிலும் வேண்டாம். பாரம் உயரப் போனால் வண்டி வளைவில் சாயும், வெயிலும் நேரே அடிக்கும். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து சைலன்சர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். எரிபொருளை அதற்கு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள், தண்ணீரை சைலன்சர் பக்கத்தில் வையுங்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு இது முன்பைவிட முக்கியம். இப்போதைய டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏறும். அந்தச் சூட்டுக்கு நேர் மேலே, மெல்லிய தகட்டின் மீது பிளாஸ்டிக் கேனில் டீசல் வைத்திருக்கிற வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் பட்டறையில் நாங்கள் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒன்றரை இஞ்ச் ஆங்கிளில், அதாவது எல் வடிவ இரும்பில், கேன் அளவுக்கு ஒரு சட்டம். கேனின் அடி அதற்குள் கச்சிதமாக உட்கார வேண்டும், விரல் நுழைகிற இடைவெளிகூட அதிகம். கேன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வருகிற இடத்தில் சுற்றி ஒரு பட்டை. மேலே குறுக்காக ஒரு ராட்செட் பெல்ட், பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குகிற பட்டை. அடி நகராது, இடுப்பு சாயாது, தலை எழும்பாது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆட்டம் தொடங்கிவிடும்.

இரும்போடு கேன் நேராக உரசக் கூடாது. இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு வண்டியில் நல்ல கனமான இரும்புக் கூண்டு, வெல்டிங் எல்லாம் சுத்தம். ஆனால் ரப்பர் இல்லை. ஆறே மாதத்தில் கேனின் மூலையில் நகத்தால் கீறினால் பிரிகிற அளவுக்குத் தேய்ந்து, டீசல் வியர்வை மாதிரி கசிந்துகொண்டிருந்தது. கன்வேயர் பெல்ட் துண்டு பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும். அடியிலும் நாலு பக்கமும் அதை வெட்டி ஒட்டினால் போதும். சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விடுங்கள், இல்லையென்றால் துரு அங்கேதான் தொடங்கும்.

சட்டத்தை பாடியில் பூட்டுவதற்கு ஸ்க்ரூ போதாது. 10 எம்.எம். போல்ட் நாலு, கீழே இருந்து லாக் நட். பாடித் தகடு மெல்லியது. வெறும் வாசர் போட்டால் குலுங்கிக் குலுங்கி ஓட்டை பெரிதாகி போல்ட்டே கழன்று வரும். அதனால் தகட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கனத்த இரும்புப் பட்டை வைத்து இறுக்குவோம். முடிந்தால் அடியில் போகிற குறுக்குச் சட்டத்தோடு சேர்த்தே பூட்டிவிடலாம். ட்ரில் போடும் முன் கீழே டேங்க், பிரேக் பைப், வயரிங் எங்கே போகிறது என்று கையால் தடவிப் பார்த்து சாக்பீஸால் குறித்துவிட வேண்டும். அவசரத்தில் இதைத் தாண்டிப் போய் பிரேக் பைப்பைத் துளைத்த வண்டி ஒன்று எங்களிடம் சரிசெய்ய வந்தது. வெட்டின விளிம்புக்குத் துரு பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் அடிக்க மறக்காதீர்கள்.

கேன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோலுக்கு இரும்புக் கேன்தான். ராணுவ வண்டிகளில் தொங்குமே, மூன்று கைப்பிடி வைத்த 20 லிட்டர் கேன், அது 1930-களில் ஜெர்மன்காரர்கள் வடிவமைத்தது. பக்கவாட்டில் பெருக்கல் குறி மாதிரி அழுத்தியிருப்பது அழகுக்கு இல்லை. தகட்டுக்கு அது பலம் கொடுக்கிறது, உள்ளே இருப்பது சூட்டில் விரியும்போது தகடு கொஞ்சம் உப்பி இறங்கவும் இடம் கொடுக்கிறது. மேலே முதுகு மாதிரி எழும்பிய பகுதியில் காற்று நிற்கும். தட்டையான வடிவம் என்பதால் சட்டத்தில் பூட்டுவதும் சுலபம். பெட்ரோலுக்கு உலோகக் கேன்தான் என்று அரசாங்கச் சட்டமும் சொல்கிறது. 1934-ஆம் வருடத்துப் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் சொந்தத் தேவைக்கு லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் பெட்ரோல் வைத்திருக்கலாம், அதுவும் இறுக்கமாக மூடிய, 25 லிட்டருக்கு மேல் போகாத உலோகப் பாத்திரத்தில். டீசலுக்கு வரம்பு பெரியது, காரணம் அது அவ்வளவு சுலபமாக ஆவியாகிப் பற்றாது. பெட்ரோல் உறைபனிக்குக் கீழேயே பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். அதனால் பெட்ரோல் கேனை கேபினுக்குள் சீட்டுக்கு அடியில் வைக்கிற பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். மல்லிகைத் தோட்டத்துக்குப் போகிற வண்டிகளில் ஸ்ப்ரேயர் பெட்ரோலை அங்கேதான் வைக்கிறார்கள். மனசு பதறுகிறது.

நிரப்பும்போது விளிம்பு வரை நிரப்பாதீர்கள். பெட்ரோல் பங்கில் நிலத்தடித் தொட்டியில் இருந்து வருகிற டீசல், சித்திரை வெயிலில் பாடியில் கிடந்தால் 20 டிகிரி சூடேறுவது சாதாரணம். அப்போது 35 லிட்டர் அரை லிட்டருக்கு மேல் விரியும். அதற்கு இடம் இல்லையென்றால் மூடி வழியாகத்தான் வரும். 33 லிட்டரோடு நிறுத்துங்கள். பெட்ரோல் கேனைத் திறக்கும்போது முகத்தை விலக்கி, மூடியை மெதுவாக, சீறல் அடங்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள்.

அதைவிட முக்கியம், கேனை வண்டியில் வைத்தபடியே நிரப்பக் கூடாது. கீழே இறக்கித் தரையில் வையுங்கள். பாடியில் விரித்திருக்கிற ரப்பர் பாயோ பிளாஸ்டிக் விரிப்போ மின்சாரத்தைத் தரைக்குப் போக விடாது. எரிபொருள் பாயும்போது கேனில் சேருகிற நிலைமின்சாரம் வெளியேற வழி இல்லாமல், நாசில் கிட்டே வரும்போது பொறியாகத் தாவும். தரையில் வைத்து, நாசில் முனையைக் கேன் வாயில் தொட்டபடி பிடித்து, மெதுவாக நிரப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. 30 கிலோவை மறுபடி தூக்கி வைக்க வேண்டுமே என்பார்கள். சின்னக் கேன் இரண்டு வாங்குங்கள், இடுப்புக்கும் நல்லது.

இனி தண்ணீர். ஒரு பெரியவர் டீசல் கேனைப் புளியும் சாம்பலும் போட்டு மூன்று நாள் கழுவி, நடவு ஆட்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனார். ஒரு மடக்கு குடித்ததுமே அந்த அம்மாக்கள் துப்பிவிட்டார்களாம். "ஐயா, அது மேலே ஒட்டின வாடை இல்லீங்க, பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கிருச்சு" என்று நான் சொன்னபோதுதான் அவருக்கு விளங்கியது. எதைப் போட்டுக் கழுவினாலும் அது போகாது. எரிபொருள் ஊற்றிய கேன் எரிபொருளுக்கு மட்டும். தண்ணீருக்கு வெளிச்சம் புகாத, உணவுத் தர பிளாஸ்டிக் கேன் வாங்குங்கள், உள்ளே பாசி பிடிக்காது. வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் வாட்டர் கேன் உருளும், மூடியும் லேசு. பாடியில் வைப்பதென்றால் வட்டச் சட்டம் போட்டு நிமிர்த்திப் பூட்டினால்தான் சரி.

எங்களிடம் வருகிற வண்டிகளுக்கு டீசல் சட்டத்துக்குச் சிவப்பு, தண்ணீர்ச் சட்டத்துக்கு நீலம் அடித்து விடுகிறோம். கூலி கேட்பதில்லை. இருட்டில் டார்ச் அடித்தால் நிறம் தெரியும். கேன் அளவும் வேறு வேறாக வைத்தால் ஒன்றின் சட்டத்தில் மற்றது உட்காராது. இப்போது மூன்றாவதாக ஒரு கேனும் சேர்ந்திருக்கிறது. சில பி.எஸ்.6 வண்டிகளில் புகையின் நச்சைக் குறைக்கத் தனி டேங்கில் ஊற்றுகிற யூரியாக் கரைசல். பார்க்க அசல் தண்ணீர், கேனும் வெள்ளை. அதை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஓட்டிவிட்டால் பம்பு, இன்ஜெக்டர் எல்லாம் போகும். அதைத் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

கேனில் இருந்து டீசலை டியூப் வைத்து வாயால் உறிஞ்சுகிறார்களே, அதை நிறுத்த வேண்டும். வயிற்றுக்குள் போவதைவிட, புரையேறி நுரையீரலுக்குள் போகிற ரெண்டு சொட்டுதான் ஆளை வீழ்த்தும். தப்பித் தவறி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வரும்போது மறுபடி நுரையீரலுக்குப் போகும். 108-க்குக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கையால் அமுக்குகிற ரப்பர் பம்பு ஒன்றின் விலை பெரிய தொகை இல்லை. கேன் சட்டத்தின் ஓரத்திலேயே ஒரு கொக்கி போட்டு அதை மாட்டித் தருகிறோம்.

கேன் ஒழுகுகிறது, ஒரு ஒட்டுப் போட்டுத் தாருங்கள் என்று இரும்பு டின்னைத் தூக்கி வருகிறவர்களிடம் நான் முடியாது என்றுதான் சொல்வேன். "காலி டின்தாண்ணே" என்பார்கள். காலியாக இருப்பதுதான் பயம். அடியில் ஒட்டியிருக்கிற ஈரம் ஆவியாகி, உள்ளே இருக்கிற காற்றோடு கலந்து, வெல்டிங் பொறி பட்டதும் டின்னே குண்டாகிவிடும். புதுக் கேன் வாங்கச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். வண்டியில் சட்டம் பற்றவைக்கும்போதும் அப்படித்தான். கேன்களை இறக்கித் தள்ளி வைத்து, பேட்டரி நெகடிவ்வைக் கழற்றிய பிறகுதான் வெல்டிங் ராடை எடுப்போம்.

அந்த வாடிப்பட்டி வண்டிக்குப் பின்கதவுக் கொக்கியோடு சேர்த்து இரண்டு சட்டம் போட்டுக் கொடுத்தோம். ஒரு வாரம் ஓட்டிவிட்டு நட்டுகளை ஒருமுறை இறுக்கிக்கொள்ள வாருங்கள் என்றேன். புதிதாகப் பூட்டிய சட்டமும் பட்டையும் தகட்டோடு அழுந்திப் படியும், அதனால் முதல் வாரத்தில் கட்டாயம் ஒரு தளர்ச்சி வரும். சொன்னபடி வந்தார். ஒரு சட்டத்தின் நாலு போல்ட்டில் மூன்று அரைத் திருகு இறங்கியது.