சட்டைப்பையில் ஒரு மெழுகு பிளாக்

தாராபுரத்திலிருந்து கோவைக்குப் போகும் பஸ். என் சட்டைப்பையில் ஒரு ஜிப் கவர். அதற்குள் கட்டைவிரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதன் முதுகில் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் நூல் பிசிறு போல மூன்று கீற்றுகள். என் அத்தையின் நுரையீரலிலிருந்து ஊசி வழியாக எடுத்த சதை அது. லேபில் இதை 'பிளாக்' என்பார்கள். பல்லடம் வருவதற்குள் பத்துத் தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பேன். பாரஃபின் மெழுகு இளக அறுபது டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், சட்டைப்பையில் இளகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சித்திரை வெயிலில் கை சும்மா இருக்கவில்லை.

அத்தைக்கு 61 வயது. இருபது வருடம் ஸ்பின்னிங் மில் வேலை, அப்புறம் தோட்டம், நாலு மாடு. பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. மூன்று மாதமாக நிற்காத இருமல். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும், சளியில் கிருமி இல்லாதபோதே, ஓர் ஆஸ்பத்திரியில் டிபி மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு மாதம் அதில் போயிற்று. நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோய் டிபி வேஷத்தில் ஒளிந்துகொள்வது புதிதல்ல. சொந்தக்காரர்கள் எல்லோரும் பஞ்சுத் தூசுதான் காரணம் என்றார்கள். பஞ்சுத் தூசு தருவது பிசினோசிஸ். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகும். அது வேறு நோய். அத்தைக்கு வந்தது அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்று. புகையைத் தொடாதவர்களுக்கு நுரையீரல் புற்று வந்தால் பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும்.

புற்றுநோய் டாக்டர் உடனே ஊசி மருந்தை ஆரம்பிக்கவில்லை. "மாலிக்குலர் டெஸ்ட் ரிசல்ட் வரட்டுங்க" என்றார். கட்டியின் மரபணுவைப் பார்க்கும் சோதனை அது. வெளியே வந்ததும் அத்தை கேட்டது: "ஏங்கண்ணு, இன்ன நோவுன்னு தெரிஞ்சு போச்சு. இன்னும் என்னத்தத் தேடறாங்க?"

தேடுவது ஒரு சுவிட்சை. நம்மூர் பம்ப்செட் ஸ்டார்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைப் பட்டனுக்கு மோட்டார் ஓடும், சிவப்புக்கு நிற்கும். உள்ளே கான்டாக்ட் பாயின்ட் தீய்ந்து ஒட்டிக்கொண்டால் சிவப்பை எத்தனை முறை குத்தினாலும் மோட்டார் நிற்காது. செல்லின் மேற்பரப்பிலும் இப்படி ஸ்டார்ட்டர்கள் உண்டு. அதில் ஒன்று இஜிஎஃப்ஆர் என்ற புரதம். வெளியே வளர்ச்சிச் செய்தி வந்து தொட்டால், உள்பக்கம் இருக்கும் பகுதி ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தன் குழிக்குள் பிடித்து, அதிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி அடுத்தவர் கையில் கொடுக்கும். கைமாறிக் கைமாறி அந்தச் செய்தி செல்லின் கருவுக்குப் போகும்: பிரி, பெருகு. செய்தி நின்றால் புரதம் மடங்கி அணைந்துவிடும்.

இந்தப் புரதத்துக்கான மரபணுவின் 19ஆம் துண்டில் வழக்கமாக 15 எழுத்துகள் உதிர்ந்துபோவது ஒரு பழுது. புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் ஐந்து காணாமல் போகும். புரதம் அணைந்த நிலைக்கு மடங்க வேண்டுமானால் குழிக்கு அருகில் கொஞ்சம் தளர்வு வேண்டும்; அந்த இடம் குட்டையாகிவிடுவதால் ஓடும் நிலையிலேயே விறைத்து நிற்கிறது. இன்னொரு பழுதில் ஒரே ஓர் எழுத்து மாறுகிறது: 'சிடிஜி' என்று இருக்க வேண்டியது 'சிஜிஜி' ஆகி, சங்கிலியின் 858ஆம் இடத்தில் லூசின் என்ற கண்ணிக்குப் பதிலாக ஆர்ஜினின் வந்து உட்காரும். இஜிஎஃப்ஆர் பழுதுகளில் பெரும்பகுதி இந்த இரண்டும்தான். இந்தியாவில் நுரையீரல் அடினோகார்சினோமா வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இஜிஎஃப்ஆரில் பழுது இருக்கிறது. புகைக்காதவர்களிடம் அதிகம் என்றாலும், பீடி குடித்தவருக்கு டெஸ்ட் வேண்டாம் என்று விட்டுவிடுவது தப்பு.

என்னை மிகவும் ஈர்த்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. பழுதான புரதம் எந்நேரமும் ஓடுகிறதே தவிர, ஏடிபியைப் பிடிக்கும் பிடி அதற்குத் தளர்ந்துவிடுகிறது. ஜெஃபிடினிப் என்ற மாத்திரை அதே குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் மூலக்கூறு. நல்ல புரதத்தில் அது ஏடிபியோடு மல்லுக்கட்ட வேண்டும். பழுதான புரதத்திலோ இடம் லேசாகக் கிடைத்துவிடுகிறது. புற்றை ஓட வைத்த அதே கோளாறுதான் மருந்துக்குக் கதவையும் திறந்து வைக்கிறது.

இது தெரிவதற்கு முன்பே மருந்து வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. 2003இல் அமெரிக்காவில் ஜெஃபிடினிப்புக்கு அனுமதி கிடைத்தபோது, பத்தில் ஒருவருக்குக் கட்டி கரைந்தது, மற்றவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. யாருக்கு ஏன் என்று தெரியவில்லை. 2004இல்தான் மரபணுப் பழுது பிடிபட்டது. 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வு ஆசிய நோயாளிகள் 1,217 பேரிடம் மாத்திரையையும் கீமோ ஊசியையும் ஒப்பிட்டது. பழுது உள்ளவர்களில் மாத்திரைக்குக் கட்டி சுருங்கியது 100க்கு 71 பேருக்கு, ஊசிக்கு 47 பேருக்கு. பழுது இல்லாதவர்களில் மாத்திரைக்கு 100க்கு ஒருவர், ஊசிக்கு 23 பேர். டெஸ்ட் செய்யாமல் "மாத்திரையைப் போட்டுத்தான் பார்ப்போமே" என்பது எவ்வளவு ஆபத்தான யோசனை என்பதற்கு அந்த ஒன்று என்ற எண்ணே போதும்.

சரி, பிளாக்கிற்கு வருவோம். ஊசியில் எடுத்த சதையை, அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் உடனே போட வேண்டும், சலைனில் அல்ல. ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், 48 மணிக்கு மேல் போகாமல் அதில் ஊற வேண்டும். குறைந்தால் சதை கெடும். கூடினால் ஃபார்மலினே டிஎன்ஏவை முடிச்சுப்போட்டு உடைத்துவிடும். சனிக்கிழமை காலையில் எடுத்த பயாப்சி திங்கள் மத்தியானம்வரை பாட்டிலில் கிடந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எலும்பிலிருந்து எடுத்த சதையானால் சுண்ணாம்பைக் கரைக்க அமிலத்தில் போடுவார்கள். கடுமையான அமிலம் டிஎன்ஏவையும் சேர்த்துக் கரைத்துவிடும். பிறகு மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி எடுப்பார்கள். ஒவ்வொரு சாயப் பரிசோதனைக்கும் ஒரு சீவல் செலவு. எந்த வகைப் புற்று என்று தெரிந்துகொள்ளவே பத்துச் சாயம் போட்டுவிட்டால், மரபணுவுக்கு மிஞ்சுவது வெறும் மெழுகுதான். சதையைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டரான பெத்தாலஜிஸ்ட் அனுபவப்பட்டவர் என்றால் இரண்டு சாயத்தோடு நிறுத்திக்கொண்டு மீதியைச் சேமிப்பார்.

மிஞ்சிய சீவல்களில் புற்றுச் செல் உள்ள இடத்தை மைக்ராஸ்கோப்பில் குறித்து, சுரண்டி, டிஎன்ஏவைப் பிரிக்கிறார்கள். பிசிஆர் முறையில் தெரிந்த பழுதுகளை மட்டும் தேடலாம். சில நாளில் விடை வரும். என்ஜிஎஸ் முறையில் பல மரபணுக்களை ஒரே நேரத்தில் வரிவரியாக வாசிக்கலாம். இரண்டு மூன்று வாரம் ஆகும். ஏஎல்கே, ராஸ்1, ரெட், மெட் என்று மற்ற ஸ்டார்ட்டர்களும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி மாத்திரை உண்டு. ஆகவே சதை குறைவாக இருக்கும்போது ஒவ்வொன்றாகத் தேடித் தீர்ப்பதைவிட ஒரே வாசிப்பில் முடிப்பது மேல்.

நான் பஸ்ஸில் சுமந்த பிளாக்கில் சரக்கு போதவில்லை. நான்காம் நாள் போன் வந்தது: "செல் பத்தலைங்க." மறுபடி ஊசி குத்த அத்தைக்கு மூச்சு இடம் கொடுக்கவில்லை. அப்போதுதான் ரத்தத்தில் பார்க்கலாம் என்றார்கள். புற்றுச் செல்கள் சாகும்போது டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் சிந்தும். அவை இரண்டு மணி நேரத்துக்குள் பாதி அழிந்துவிடும். புற்று சிந்திக்கொண்டே இருப்பதால் ஊறிக்கொண்டும் இருக்கும். குழாயில் எடுத்த பிறகு வேறு தொல்லை: ரத்தத்தின் வெள்ளணுக்கள் உடைந்து அவற்றின் டிஎன்ஏவும் கலந்து, தேடுவதை மூழ்கடித்துவிடும். சாதாரணக் குழாய் என்றால் சில மணி நேரத்துக்குள், செல்கள் நீங்கிய ரத்த நீரான பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். செல் உடையாமல் காக்கும் சிறப்புக் குழாய் எங்கள் பக்கம் கிடைக்காததால், அத்தையையே காரில் கோவைக்குக் கூட்டி வந்தோம். ரத்தத்தில் பழுது தெரிந்தால் நம்பலாம். தெரியாவிட்டால் 'இல்லை' என்று அர்த்தமில்லை. திரும்பச் சதையைத் தேட வேண்டியதுதான்.

காத்திருந்த அந்த நாட்களில் வீட்டில் எல்லோருக்கும் ஆத்திரம். மூச்சுத்திணறல் முற்றினால் டாக்டர் கீமோவை ஆரம்பித்துவிடுவார், அதில் தவறில்லை. ஆனால் உடம்பின் எதிர்ப்பு சக்தியைப் புற்றின்மேல் ஏவிவிடும் இம்யூனோதெரபி ஊசியை மட்டும் விடை வரும்வரை நிறுத்தி வைப்பார்கள். இஜிஎஃப்ஆர் பழுது உள்ளவர்களுக்கு அதனால் பலன் குறைவு. அதைப் போட்ட கொஞ்ச நாளில், ஜெஃபிடினிப் போலவே இஜிஎஃப்ஆரை அடக்கும் ஒசிமெர்டினிப் மாத்திரை கொடுத்தால் நுரையீரலே கடுமையாக வீங்க வாய்ப்பு உண்டு.

விடை: 19ஆம் துண்டில் உதிர்வு. 'மரபணு மாற்றம்' என்ற சொல்லைப் பார்த்ததும் வீட்டில் வேறு பயம் கிளம்பியது. அத்தையின் பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். "ரிப்போர்ட்டை யாருக்கும் காட்டாதீங்க" என்றார் மாமா. இந்தப் பழுது பிறவியில் வந்ததல்ல, கட்டிக்குள் மட்டும் நேர்ந்தது, பிள்ளைகளுக்குப் போகாது என்று புரியவைக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று.

மருந்தில் இரண்டு வழி. ஒசிமெர்டினிப் 80 மில்லிகிராம் புதியது, மூளைக்குள்ளும் நன்றாகப் போகும். ஃப்ளாரா ஆய்வில் அது நோயைச் சராசரியாக 18.9 மாதம் அடக்கி வைத்தது, பழைய மாத்திரைகள் 10.2 மாதம். 2024இல் அதற்கு இறக்குமதி வரியை நீக்கிய பிறகும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலைதான். ஜெஃபிடினிப் 250 மில்லிகிராமை இந்தியக் கம்பெனிகளே செய்கின்றன, விலை எவ்வளவோ குறைவு. மாடு விற்றுப் பத்து மாதம் ஓட்டி, பாதியில் நிறுத்துவதைவிட, தொடர்ந்து வாங்க முடிந்ததைத் தேர்ந்தெடுப்போம் என்று முடிவானது. டாக்டரும் அதைக் குறைவாகப் பேசவில்லை.

மூன்றாம் வாரத்தில் இருமல் அடங்கியது. முகத்தில் பரு, நகக்கண்ணில் புண், அவ்வப்போது வயிற்றுப்போக்கு. நல்ல தோலின் செல்களும் இதே ஸ்டார்ட்டரை நம்பி இருப்பதால் வருவது அது. எங்களுக்குத் தெரியாமல் அத்தை செய்துகொண்டிருந்த ஒரு காரியம் இரண்டாம் மாதம்தான் வெளியே வந்தது: மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கித் தினமும் போட்டிருக்கிறார். ஜெஃபிடினிப் கரைய வயிற்று அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கினால் மருந்து உடம்பில் சேர்வது குறைந்துவிடும்.

இது நோயை வேரறுக்கும் மருந்து இல்லை. ஒரு கட்டத்தில் புற்று பூட்டை மாற்றும். ஜெஃபிடினிப் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் புரதத்தின் 790ஆம் இடத்தில் திரியோனின் போய் மெத்தியோனின் வரும். ஏடிபியின் பழைய பிடி திரும்பிவிடும், மருந்து தோற்கும். ஒசிமெர்டினிப் அங்கேதான் ஜெயிக்கிறது. அது குழிக்குள் வெறுமனே உட்காராமல், 797ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீனின் கந்தகத்தோடு தன்னைப் பற்றவைத்துக்கொள்ளும். சில காலம் கழித்து அந்தச் சிஸ்டீனே செரினாக மாறலாம். செரினில் கந்தகம் இல்லை, பற்றிக்கொள்ள இடமில்லை.

மருந்து வேலை செய்யாமல் போகும் நாளில் புதிதாக ரத்தமோ சதையோ எடுத்துத்தான் பார்க்க வேண்டும். புது மாற்றம் பழைய பிளாக்கில் இருக்காது. எட்டாம் மாத ஸ்கேனுக்குப் போய்த் திரும்பும்போது இதை அத்தையிடம் சொன்னேன். லேபிலிருந்து திரும்ப வாங்கி வந்த பிளாக்கை அவர் பீரோவில், தோட்டத்துப் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

"அப்பறம் எதுக்குங் கண்ணு அதப் பூட்டி வெச்சுட்டு இருக்கறோம்?"

"இருக்கட்டுங்க அத்தை. பழசையும் புதுசையும் வெச்சுப் பாக்கோணும்னு கேட்டா, போய்த் தேட முடியாதுங்க."