அடிபட்ட கோழியின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் ஆளில்லாத கோழிகள் ஏழெட்டு உண்டு. யாரோ நேர்ந்து கோயிலடியில் விட்ட சேவலில் தொடங்கிய குடும்பம் என்கிறார்கள். பகலில் கானோரம் கிளறும், பொழுதுபட்டால் மாமரத்தில் ஏறிக்கொள்ளும். சில வருஷங்களுக்கு முன் அதில் ஒரு பேட்டுக்கோழியை ஓட்டோ ஒன்று தட்டிவிட்டுப் போனது. தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா செம்போடு ஓடி வந்தார்.

"வாயத் தொறந்து பிடிங்க தம்பி, கொஞ்சம் ஊத்துவோம். பாவம், நாக்கு வரண்டு கிடக்கு."

ஊற்றினோம். தொண்டையில் களக்களக்கென்று ஒரு சத்தம். ஐந்து நிமிஷத்தில் தலை தொங்கிவிட்டது.

ஓட்டோ கொன்றதோ நாங்கள் கொன்றோமோ, யாருக்குத் தெரியும். அணைத்ததும் ஊற்றியதும் இரண்டுமே கோழியின் உடம்புக்கு ஆகாதவை என்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

தண்ணீரை முதலில் பார்ப்போம். கோழியின் அலகைத் திறந்தால், நாக்குக்குப் பின்னால் ஒரு சின்னப் பிளவு திறந்து மூடுவது தெரியும். மூச்சுக்குழாயின் வாசல் அது. நாம் விழுங்கும்போது இந்த வாசலின் மேல் கவிய நமக்கு ஒரு மடல் இருக்கிறது, கோழிக்கு இல்லை. தானாகக் குடிக்கிற கோழி ஒரு மிடறு எடுத்து, பிளவை இறுக்கிக்கொண்டு, அண்ணாந்து இறக்கும். அரை மயக்கத்தில் கிடப்பதற்கு இறுக்கத் தெம்பு ஏது? ஊற்றிய தண்ணீர் நேரே மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் அலகின் ஓரத்தில் ஒரு துளி தொட்டு வையுங்கள். தெம்பிருந்தால் விழுங்கும். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் அதற்கு வேண்டியது தண்ணீர் அல்ல.

அணைப்பு இதைவிட மோசம். நமக்கு மூச்சிழுத்துத் தருவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம். கோழிக்கு அது கிடையாது. அதன் நுரையீரல் முதுகுப்பக்க விலாவோடு ஒட்டிக் கிடக்கிறது, பலூன் போல ஊதிச் சுருங்குவதில்லை. வேலை செய்வதெல்லாம் நுரையீரலுக்கு முன்னும் பின்னும் இருக்கும் மெல்லிய காற்றுப்பைகள். நெஞ்செலும்பு கீழே இறங்கினால் பைகள் விரியும், மேலே ஏறினால் சுருங்கும், கொல்லன் துருத்தியேதான். இழுத்த காற்றில் பெரும்பகுதி முதலில் பின்பைகளுக்குப் போய், அங்கிருந்து நுரையீரலுக்கு வந்து, பிறகு முன்பைகள் வழியாக வெளியேறுகிறது. ஒரு தடவை இழுத்த காற்று வெளியே வர இரண்டு மூச்சுப் பிடிக்கும். நுரையீரலின் பெரும்பகுதிக்குள் அது போகும் திசையும் மாறுவதே இல்லை. நம்முடையதைவிடக் கெட்டிக்கார ஏற்பாடு என்றே சொல்வேன். ஆனால் நெஞ்செலும்பு அசையாவிட்டால் அவ்வளவும் நின்றுபோகும். வாயும் மூக்கும் திறந்திருக்க, நம் கைக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். உடம்பைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டினாலும் இதே கதிதான். தூக்கும்போது சிறகுகளைப் பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்து, நெஞ்செலும்பை அழுத்தாமல் விடுங்கள்.

இந்தக் காற்றுப்பைகள் சில எலும்புகளுக்குள்ளும் நுழைகின்றன. ஜோன் ஹண்டர் என்ற இலண்டன் அறுவை வைத்தியர் 1774 இல் எழுதிய ஒரு பரிசோதனை உண்டு. கோழியின் மூச்சுக்குழாயைக் கட்டிவிட்டு, சிறகின் மேலெலும்பை வெட்டியிருக்கிறார். காற்று அந்த எலும்பு வழியாகவே போய்வந்திருக்கிறது. படிக்கவே வயிற்றைப் பிசைகிறது. என்றாலும் சிறகின் மேலெலும்பு முறிந்து தோல் கிழிந்த கோழியைப் பைப்படியில் கழுவினால் என்ன ஆகும் என்பது அதிலிருந்து விளங்கும்.

இன்னொன்று, அசையாமல் கிடக்கும் கோழியைப் பார்த்து "நம்மள நம்பிட்டுது" என்று மகிழ வேண்டாம். 1646 இல் அதனேசியஸ் கேர்ச்சர் என்ற யேசு சபைத் துறவி, கோழியைத் தரையில் அமர்த்திப் பிடித்து அலகுக்கு முன்னால் ஒரு கோடு கீறினால் மரம் போலக் கிடக்கும் என்று எழுதிவைத்தார். கோடே தேவையில்லை, பயம் போதும். தப்ப வழியில்லை என்று கண்டதும் உடம்பு தன்னைப் பூட்டிக்கொள்கிறது.

ஆகவே ஒரு காட்போட் பெட்டி எடுத்து, காற்றுக்கு நாலு துளை போட்டு, பழைய துவாயை விரித்து, கோழியை வைத்து மூடுங்கள். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, அதனால் அடங்கிவிடும். அடுத்தது சூடு. கொழும்பு வெக்கையில் சூடு எதற்கு என்று கேட்பீர்கள். கோழியின் உடம்பு 41 முதல் 42 பாகை செல்சியஸ். 30 பாகை அறைகூட அதைவிடப் பத்துப் பாகைக்கு மேல் குறைவு. அதோடு, ஒரு கிலோ எடையுள்ள கோழியின் மொத்த இரத்தமும் ஒரு சின்னப் பிளேன்ரீக் கோப்பை அளவுகூட வராது. அதில் கொஞ்சம் சிந்தி, இறகும் நனைந்திருந்தால் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் மட்டும் வையுங்கள், மற்ற மூலை அது விலகிப் போவதற்கு. அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு கூடிவிட்டது. உடம்பு சூடேறிய பிறகு தண்ணீர், அதன் பிறகே தீன். குளிர்ந்த உடம்பில் தீன் செரிக்காமல் தீனிப்பைக்குள்ளேயே புளித்துவிடும்.

எங்கள் பக்கத்தில் வாகனத்தைவிட நான் அதிகம் கண்ட எதிரி நூல். தையல்கடை நூல், சலூன் மயிர், அறுந்த பட்டத்து நூல். கிளறிக் கிளறித் திரிகிற காலில் சுற்றிக்கொண்டால் ஒவ்வொரு அடிக்கும் இறுகும். இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளத்தின் சுவர் மெல்லியது, முதலில் நசிவது அதுதான். உள்ளே தள்ளும் நாடி தொடர்ந்து தள்ளும். விரல் வீங்கும், வீங்கிய விரல் நூலை இன்னும் இறுக்கும், கடைசியில் விரல் கறுக்கும். போன மழைக்கு ஒரு செம்பட்டைப் பேட்டின் காலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறவைத்து, ஊசி முனையால் நெம்பி நெம்பி, நகம் வெட்டும் கத்தரிக்கோலால் அறுத்தேன். முடிந்தது என்று நினைத்த பிறகும் தோலுக்குள் புதைந்த மூன்று இழை கிடைத்தது.

பாதத்தில் கட்டி வைத்திருந்தால் மட்டும் நீங்களாகப் பிழியாதீர்கள். சீழை இளக்கி ஓட வைக்கும் நொதி ஒன்று கோழியின் வெள்ளணுக்களில் இல்லை. அதனால் சீழ் கட்டிச் சீஸ் போல மஞ்சளாக இறுகிக் கிடக்கும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்டிபயோட்டிக் அதற்குள் ஊறாது. மிருக வைத்தியர்தான் கீறி எடுக்கவேண்டும்.

கொண்டையில் கறுத்த பொருக்கு என்றால் அநேகமாக அம்மை. நுளம்பு பரப்புவது, நம் கொப்புளிப்பானோடு சம்பந்தமில்லை. பொருக்கில் வைரஸ் இருக்கும், உரிக்காதீர்கள். சில கிழமைகளில் தானே உதிரும். வாய்க்குள் மஞ்சள் படை கண்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். பல கோழிகள் ஒன்றாகச் சாய்ந்தால் தொடாமல் அரச மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். எந்தக் கோழியைத் தொட்டாலும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

செம்பட்டையை மூன்றாம் நாள் பின்னேரம் மாமரத்தடியில் விட்டேன். மற்றவை உறங்கப் போகும் நேரமென்றால் கொத்துச் சண்டை குறையும். ஒரு விரல் போய்விட்டது. தத்தித் தத்தித் தாழ்ந்த கிளைக்கு ஏறி உட்கார்ந்தது. கால் மடங்கியதும் தசைநார் இழுபட்டு மிஞ்சிய மூன்று விரலும் தாமாகக் கிளையைக் கவ்வின. அக்கா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழாது தம்பி. வாங்க, நுளம்பு கடிக்குது."